காசிக்கு இல்லை, தீவுக்கு

நேற்றுக் காலை உன் அப்பா நம் காபி கிளப்புக்கு வந்தார். கிளப்புக்கு! ஓட்டல் வாசலைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர், தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்தால்கூட எதிர்ப்பக்கமாகவே நடக்கிறவர், நேராக உள்ளே நுழைந்தார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட மறந்துபோய், அக்குளில் இடுக்கியிருந்த மூட்டையை என் மேசை மேல் வைத்தார். வைத்த உடனே வாசனை வந்துவிட்டது. தார், நல்லெண்ணெய், புளி, பெருங்காயம். பிரித்துப் பார்க்கவே வேண்டாம். நம் பை!

"பரண்ல கிடந்து நாறிண்டிருக்குடா இது," என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் பையைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்வோம். நீ போன பிறகு அதைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரு ரயில் பயணி மறந்துவிட்டுப் போன பத்திரிகையால் வந்தது. என் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது உனக்குத் தெரியும். பயணிகள் மறந்துவிட்டுப் போவதுதான் என் படிப்பு. பாதி வார்த்தை புரியும், மீதியைப் படம் பார்த்து ஊகித்துக்கொள்வேன். அந்தப் பத்திரிகையில் ஒரு வெள்ளைக்காரன், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிற பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆளே இல்லாத ஒரு தீவின் கரையில் நின்றிருந்தான். பெட்டி தூக்க ஆள் கிடையாது, சமையல்காரன் கிடையாது. வீடு முழுவதும் முதுகில்! அவன் மேல் எனக்கு வந்த பக்தி சாதாரண பக்தி இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து டிகாக்‌ஷன் பாய்லருக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தேன்.

சாயங்காலம் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை முடிந்து நீ வந்தாய். காபியை ஆற்றிக்கொண்டே படத்தை வெகுநேரம் பார்த்தாய்.

"எத்தனை நாளா அங்கே இருக்கானாம்?"

"வாரக்கணக்கா இருப்பாண்டா."

"என்ன சாப்பிடறான்?"

"டப்பால அடைச்சது."

"அய்யோ பாவம்," என்றாய். உண்மையிலேயே அவனுக்காக வருத்தப்பட்டாய். பிறகு, "நாம போனா இப்படிக் கஷ்டப்பட மாட்டோம், கேட்டயா?" என்றாய்.

"நாம" என்ற வார்த்தையை முதலில் சொன்னது நீதான். அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தீவு எங்கே என்பது அடுத்த மாதம் தெரிந்தது. பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர், வண்டி தாமதமானதால் நம் மேசையில் மாட்டிக்கொண்டார். பெரியாற்றில் அணை கட்டியபோது காட்டுக்குள் தண்ணீர் ஏறி நிறைந்து, மலைகளெல்லாம் முழுகி, உச்சிகள் மட்டும் தீவுகளாக நிற்கின்றன என்றார். ஆள் கிடையாது, குடிசை கிடையாது. கரையிலிருந்து யானைகள் நீந்தித் தீவுக்குப் போகும், மூங்கில் தின்றுவிட்டுத் திரும்பி நீந்தும். நீ காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாய். "யானை நீந்துமா?" என்று கேட்டாய். "நான் பார்த்திருக்கேன் சாமி," என்று சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு ஓடினார். எந்தத் தீவு, எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து நம் மேசை ஏரியாகிவிட்டது. சிந்திய டிகாக்‌ஷனில் விரலை வைத்து நீ தீவு வரைவாய். "சமையல் இங்கே. ஸ்நானம் இங்கே. சந்தியாவந்தனம் பண்ண இந்தப் பாறை." பாறை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்! "யானை?" என்று நான் கேட்டால் மேசையின் அந்தக் கோடியைக் காட்டுவாய். "அது அங்கேயே இருக்கட்டும்."

தை மாதம் போவதென்று முடிவாயிற்று. மழை இருக்காது, கச்சேரியில் உனக்கு லீவும் சேர்ந்திருந்தது. காட்டிலாகா அனுமதியும் நீயே வாங்கிவிட்டாய். இனிப் பை. படத்தில் இருந்த பைக்குத் தோல் வார். அதைக் கேட்டதும் உன் அம்மா, "தோலுக்குள்ளே சாதத்தை வைப்பியா? அந்தப் பைக்கு என் கையால ஒரு அப்பளம்கூடத் தர மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். பாவம், நீ அதைக் கச்சேரிக்குச் சாப்பாடு கொண்டுபோக என்று சொல்லித்தான் கேட்டிருந்தாய். அதனால் பஸ் கூரையில் சாமான் மூடுகிற பழைய தார்ப்பாயில் பை, கட்டில் நாடாவை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்து வார். உலகத்தில் மடியான முதுகுப்பை அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அதில் நீ ஏற்றின சாமான்! வெள்ளைக்காரன் தீப்பெட்டியைக்கூட எண்ணி எடுத்துக்கொள்கிறான் என்று நான் பத்திரிகையைக் காட்டிக் கதறினேன். நீ வெண்கலப் பானை, கரண்டி, அரிசி, பருப்பு, அப்பளம், வடாம், ஒரு ஜாடி புளிக்காய்ச்சல், அதற்கும் மேல் குடை என்றாய். குடைக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா?

"தைல மழை பெய்யாதுடா! எந்த எக்ஸ்ப்ளோரர் குடை எடுத்துண்டு போறான்?"

"குடையில்லாம வெளியே இறங்கறவன் திருவனந்தபுரத்துக்காரனே இல்லே. போ."

"கனம்டா!"

"கனத்தைப் பத்திக் கவலைப்படாதே. கனத்தைத்தானே தினம் தினம் சாப்பிடப் போறோம்."

இன்றைக்கும் ஏதாவது சுமை பெரிதாகத் தெரிந்தால் இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். எல்லாச் சுமையும் சாப்பிடக்கூடியது இல்லை. ஆனாலும் சொன்னால் கொஞ்சம் லேசாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பொன்முடி ஏறுவது என்று திட்டம். முதுகில் பை, கையில் கம்பு, அக்குளில் குடையோடு நீ இறங்கியதைப் பார்த்து கண்டக்டர், "எவிடேக்கா சாமீ, காசிக்கோ?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நீயோ கொஞ்சம்கூட அசராமல், "காசிக்கு இல்லே, தீவுக்கு," என்றாய். மலை ஏறப் போகிறவன் தீவு என்றால் அவன் என்ன நினைப்பான்! மணி அடித்து வண்டியைக் கிளப்பிவிட்டான்.

மூன்றாவது வளைவிலேயே ஜாடி வாய் திறந்துகொண்டது. முதுகில் ஏதோ சூடாக இறங்குகிறது என்றாய். வியர்வை என்று நான் சொன்னேன். வெள்ளைச் சட்டையில் செக்கச்செவேலென்று எண்ணெயும் புளியும் இடுப்பு வரை வழிய, எதிரே கொழுந்துக் கூடையோடு வந்த தோட்டத்து அம்மாள் ஒரு கத்துக் கத்தினாள்.

"ஏ சாமி! முதுகுல ரத்தம் கொட்டுதே! எந்தப் பாவி வெட்டினான்?"

"ரத்தம் இல்லேம்மா, புளிக்காய்ச்சல்."

அவள் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். "அட, ஆமா! கடலைப்பருப்புக்கூட ஒட்டியிருக்கு. இப்படிச் சோத்தைப் போட்டுப் பெசைஞ்சா நாலு பேரு திங்கலாமே." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு வளைவு தாண்டியும் கேட்டது. நீ நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாய். பை அன்றைக்குப் பிடித்த வாசனைதான் இன்றும் விடவில்லை.

நாம் மாட்டிக்கொண்டது அதனால் அல்ல, தூங்குகிற பையால். பத்திரிகைக்காரன் பைக்குள் நுழைந்து தூங்குவான். அதற்கென்று இரண்டு ஜமக்காளங்களைச் சேர்த்து நான்தான் தைத்துக் கொடுத்தேன், உள்ளேயிருந்து முடிச்சுப் போடுகிற மாதிரி. நீ கூடத்தில் ஒத்திகைக்குப் படுத்தாய். விடிந்ததும் முடிச்சு அவிழவில்லை. கோலம் போட எழுந்த உன் அம்மா, ஜமக்காளம் தானாக உருண்டு வருவதைப் பார்த்து அலறினார். கிளப்புக்குப் பால் வாங்கிவருகிற வழியில் நான் செம்போடு உன் வீட்டு வாசலில் நின்றிருந்தேன், எல்லாம் என் காதில் விழுந்தது.

"என்னடா இது?" உன் அப்பாவின் குரல்.

"தூங்கற பை அப்பா," என்று ஜமக்காளம் சொன்னது.

"மனுஷன் பைக்குள்ளே எதுக்குடா தூங்கணும்?"

"குளிரும் அப்பா."

"கூடத்துலயா?"

"இல்லே, தீவுல."

"எந்தத் தீவுல?"

அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. என்னையும் உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்தார். "கிளப்பு! நீதானே இவனுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது? யானை நீந்தறதாமே?"

"பார்த்தவரே சொன்னார் மாமா."

"கோவில் யானையைக் குளத்துல இறக்க எத்தனை பேர் வேண்டியிருக்கு தெரியுமா? அது நீந்தறதாம்! ரயிலுக்கு நாழியாச்சுன்னா மனுஷன் என்ன வேணா சொல்லுவான்." உன் பக்கம் திரும்பினார். "உனக்குக் கால்கட்டுப் போட்டால்தான் சரிப்படும்."

அந்த மாதமே கரமனையில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. உனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டம்! பிடிக்கவில்லை என்றால் சண்டை போடலாம். முகூர்த்தம் தையில். சேர்த்து வைத்த லீவில் கல்யாணம் போக மிச்சமிருந்த நாட்களில் தீவுக்குப் போய்வந்துவிடலாம். ஆனால் உன் அப்பா கூடாது என்றால் கூடாதுதான். நீ சில நாள் கிளப்பு பக்கமே வரவில்லை. வந்தபோது, "இந்தத் தையிலே போகலேன்னா அவ்வளவுதாண்டா. அப்புறம் நான் குடும்பஸ்தன். மேசை மேல தீவு வரைஞ்சு வரைஞ்சு கிழவனாயிடுவோம்," என்றாய். நீ அப்படித் துவண்டு பேசி நான் கேட்டதே இல்லை. காபியைக்கூட முழுக்கக் குடிக்காமல் எழுந்தாய். வாசல் வரை போய்த் திரும்பினாய். "கல்யாணத்துக்கு வரச்சே பையைக் கொண்டு வா. சாமானோட."

"எதுக்குடா?"

"கொண்டு வா, சொல்றேன்."

நம் கல்யாணங்களில் காசி யாத்திரை எப்படி நடக்கும்! மாப்பிள்ளைக்கு மை தீட்டி, மாலை போட்டு, கையில் குடையும் கம்பும் விசிறியும் கொடுத்து, சந்நியாசம் வாங்கக் காசிக்குப் போகிற மாதிரி தெருவில் நாலு அடி நடக்க வைப்பார்கள். பெண்ணின் அப்பா தேங்காயோடு வந்து மறித்து, "போகாதீங்கோ, என் பெண்ணைத் தருகிறேன்" என்பார். மாப்பிள்ளை திரும்பிவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். எந்த மாப்பிள்ளையும் அதில் ஒரு வார்த்தை பேசினதாக நான் கேட்டதில்லை.

நீ வாசலில் இறங்கியதும் என்னிடம் கையை நீட்டினாய். பட்டு வேஷ்டி, கண்ணில் மை, கழுத்தில் ரோஜா மாலை, அதற்கு மேல் தார்ப்பாய்ப் பை! நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாலு அடி தாண்டினாய். பத்து வீடு தாண்டினாய். பாலத்துப் பக்கம் திரும்புகிற முனைக்கே போய்விட்டாய். உன் மாமனார் தேங்காயோடு ஓடினார், சாஸ்திரிகள் ஓடினார், பின்னால் நான் ஓடினேன்.

"மாப்பிள்ளே! மாப்பிள்ளே! எங்கே கிளம்பிட்டேள்? காசி வேண்டாம், என் பெண்ணைத் தரேன், வாங்கோ!"

"காசிக்கு இல்லே மாமா, தீவுக்கு."

"தீவுக்கா?" மாமனார் மூச்சு வாங்கினார். வியாபாரி அல்லவா, உடனே பேரத்துக்கு வந்துவிட்டார். "அங்கே என்ன இருக்கு?"

"யானை நீந்தறதாம். பார்க்கணும்."

"இப்பவேவா?"

"கல்யாணச் சடங்கெல்லாம் முடிஞ்சு. நீங்க சரின்னு சொன்னா திரும்பறேன்."

அவர் பையின் பின்னால் போய் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "உள்ளே வெண்கலப் பானை இருக்கா? நம்ம கடைச் சாமான் மாதிரி கனக்கிறதே! எனக்குச் சம்மதம். சம்பந்தி என்ன சொல்றார்?"

சம்பந்தி அதற்குள் வந்துவிட்டார். முகம் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்திருந்தது. "யானை நீந்தாது. தீவும் கிடையாது. வா உள்ளே!"

"அப்பா, போய்ட்டு வந்து நீந்தலேன்னு நானே சொல்றேனே."

"முகூர்த்தம் தப்பிடும்," என்று சாஸ்திரிகள் அழாத குறையாகச் சொன்னார். உன் அப்பா விறைப்பாகத் திரும்பி நடந்தார். நீயும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தாய். பையைக் கழற்றவில்லை, ஆனால் நடையில் பலமில்லை. போச்சு என்று நினைத்தேன். மாமனாரும் தேங்காயைத் தடவிக்கொண்டே வந்தார்.

மாலை மாற்றுகிற நேரம். பெண்ணை அவள் மாமா தோளில் தூக்கினார், உன்னை உன் மாமா பையோடு தூக்க முடியாமல் தள்ளாடினார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது, மேலே தோளில் உட்கார்ந்து மாலையைக் கையில் பிடித்திருந்த பெண் சொன்னாள். சத்தமாக ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"போய்ப் பார்த்துட்டு வரட்டுமே. எனக்கும் தெரியணும்."

கல்யாணப் பெண் மாமனார் முன்னால் பேசுவதாவது! உன் அப்பா அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் தலையைக் குனியவே இல்லை, தோள் மேலிருந்து குனிந்தால் விழுந்துவிடுவாள் என்று பிறகு நீ விளக்கம் சொன்னாய். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் சிரித்தார் என்று சத்தியம் செய்வேன்.

"சரி, போய்த் தொலை. பார்த்தா பார்த்தேன்னு சொல்லு, பார்க்கலேன்னா பார்க்கலேன்னு சொல்லு. கதை கட்டப்படாது."

போனோம்டா! கோட்டயம் போய், பீர்மேடு ஏறி, குமுளியில் இறங்கி, படகுக்காரன் நம்மைத் தீவில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, அந்த அமைதியில் நாம் இரண்டு பேரும் காரணமில்லாமல் குசுகுசுவென்று பேசினோம். நீ சொன்ன இடத்திலேயே சந்தி பண்ணப் பாறை இருந்தது. எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம், தை மாதத்தில், மழை! நீ குடையை மெதுவாக, மிக மெதுவாக, என் கண் முன்னாலேயே விரித்தாய். ஒரே குடைக்குள் நெருக்கியடித்துப் பாறை மேல் உட்கார்ந்திருந்தபோதுதான், எதிர்க்கரையிலிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு தும்பிக்கை மட்டும் கிளம்பி வந்தது. தும்பிக்கை, அதன் பின்னால் கொஞ்சம் நெற்றி. வகுப்பில் விடை தெரிந்த பையன் கையைத் தூக்கிக்கொண்டே வருகிற மாதிரி. மழைத்திரை அடர்ந்தது, தீவின் அந்தக் கோடியில் எங்கோ கரையேறிவிட்டது. மேசையில் நீ காட்டின அதே கோடி. வாய் ஓயாத நீ என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வந்து நீ கூடத்தில் அவளிடம் சொன்னபோது உன் அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

"தும்பிக்கை மட்டும்தானே தெரிஞ்சுது?" பத்திரிகை கேட்டது. "கட்டையா இருக்கும்."

"கட்டை மூச்சு விடுமா அப்பா?"

"முழு யானையைப் பார்த்தியா?"

"இல்லே."

"அப்போ பார்க்கலே."

அவள் சிரித்தாள். "நான் வந்து பார்த்துச் சொல்றேன். அடுத்த தைல என்னைக் கூட்டிண்டு போங்கோ," என்றாள். கூட்டிப்போகிறேன் என்றாய். அந்தத் தையில் உன்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த தைக்குள் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. உனக்கும் பிடிக்காது. படுக்கையிலும் நீ என்னிடம் கேட்டது, "குடையை எடுத்து வச்சியோ?" என்றுதான்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உன் அப்பா பையை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஓட்டல் பெஞ்சில்! விரலால் பையின் வாரைத் தொட்டார்.

"நாடா இத்துப் போச்சு. புதுசு போட்டுத் தருவியோ?"

"எதுக்கு மாமா?"

"அவ கேட்டாடா. வர தைக்குப் போகணுமாம். பாத்திரக்கடைக்காரர் இப்பவே குதிச்சிண்டிருக்கார், நானும் வரேன் பெண்ணோடன்னு. தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. பேசட்டும்."

"நீங்க, மாமா?"

அவர் மழையைப் பார்த்தார். "அவன் கதை கட்டறவன் இல்லே, அல்லோ?"

"இல்லே மாமா."

"அப்போ எனக்கும் பார்க்கணும். முழு யானை." குடையை மடக்கிப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, "காப்பி ரொம்பக் கசக்குமா இங்கே?" என்றார்.

நானே போட்டுக் கொடுத்தேன். அண்ணாந்து, உதடு படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் கைகழுவப் போகிற மாதிரி பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை புது நாடா தைத்து, சாமானெல்லாம் ஏற்றி, கனம் தாங்குகிறதா என்று பார்க்கப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கோட்டைவரை நடந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலுக்கு வந்து பையைச் சுற்றிப் பார்த்தாள். வெண்கலப் பானை கூடாது, அப்பா கடையில் லேசான அலுமினியம் இருக்கிறது என்றாள். புளிக்காய்ச்சல் ஜாடிக்கு மெழுகு வைத்து அடைப்பாளாம். "குடை கனம்தானே, விட்டுடலாமா?" என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். "அதை மட்டும் நான் எடுத்துண்டு வரேன்," என்றாள். உன் குடையை எடுத்து வைத்தது அவள்தான்.

திரும்பி வரும்போது மறுபடி மழை. என் குடையை விரித்தேன். கிளப்பை நெருங்கியபோது இடது பக்கம் நனையாமலே இருந்தது, வலது தோள் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. எப்போதும் இப்படித்தான். பாறை மேல் உட்கார்ந்த அன்றிலிருந்து, குடையை உன் பக்கம் கொஞ்சம் சாய்த்தே பிடித்துப் பழகிவிட்டது.

ஸ்டேஷன் முனையில் நின்ற ஜட்காவண்டிக்காரன் பையையும் குடையையும் என்னையும் மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தா சாமீ, காசிக்கோ?"

யோசிக்கவே இல்லை. உன் குரலிலேயே வந்துவிட்டது.

"காசிக்கு இல்லே, தீவுக்கு."